தானாகச் சேரும் பென்ஷன் தானாக வராது: பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் மணிக்கணக்கில் பாடம் எடுப்பவர்களுக்கு

கேள்வி இதுதான். கேட்டவர் லண்டனில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு மூன்று வருட கிராஜுவேட் விசாவில் இருக்கிறார். இரண்டு பல்கலைக்கழகங்களில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறார். முதல் இடத்தில் வருடத்துக்குச் சுமார் 12,000 பவுண்டு வரும். இரண்டாவது இடத்தில் ஏழு மாத வேலைக்கு 7,000. முதல் இடத்திலிருந்து ‘உங்கள் பென்ஷன் சேர்க்கையை மூன்று மாதம் தள்ளிவைத்திருக்கிறோம்’ என்று கடிதம் வந்திருக்கிறது. இரண்டாவது இடத்தின் எச்.ஆர்., ‘உங்கள் ஆண்டு வருமானம் 10,000 பவுண்டைத் தொடவில்லை, அதனால் தகுதி இல்லை’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. வீட்டிலோ மனைவி, ‘மூன்று வருஷத்தில் கோயம்புத்தூர் போகப் போகிறோம், இந்தப் பிடித்தம் எதற்கு? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார். என்ன செய்வது?

விலகாதீர்கள். இரண்டு இடத்துக்கும் ‘என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

நானும் ஆறு வருடம் மணிக்கணக்கில் பாடம் எடுத்தவன்தான். முதல் இரண்டு வருடம் பென்ஷன் என்று ஒன்று எனக்கும் உண்டு என்பதே தெரியாது. ‘ஆட்டோ என்ரோல்மென்ட்’ என்ற பெயரே ஆளை ஏமாற்றிவிட்டது. தானாகச் சேர்க்கை என்றால் தகுதி இருந்திருந்தால் சேர்த்திருப்பார்கள், சேர்க்கவில்லை என்றால் நமக்குக் கிடையாது என்றுதானே தோன்றும்? அப்புறம் தொழிற்சங்கக் கிளையில் மற்றவர்களின் பே ஸ்லிப்புகளைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது. மாதச் சம்பளக்காரருக்குத்தான் அது தானாக நடக்கிறது. நமக்கு அது கேட்டால் கிடைக்கிற ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2008ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டம் 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களிலிருந்து நடைமுறைக்கு வரத் தொடங்கியது. 22 வயதுக்கு மேல், அரசு ஓய்வூதிய வயதுக்குக் கீழ், ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் ஒரு முதலாளியிடம் சம்பாதிக்கும் எல்லாரையும் அந்த முதலாளி ஒரு பென்ஷன் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். இந்த 10,000 என்ற கோடு 2014இலிருந்து அசையவே இல்லை. குறைந்தபட்சப் பங்களிப்பு மொத்தம் 8 சதவீதம். அதில் முதலாளி 3 சதவீதமாவது போட வேண்டும், மீதி 5 வரிச் சலுகையோடு சேர்த்து உங்களுடையது. ஆனால் இந்த 8 சதவீதம் முழுச் சம்பளத்துக்கு இல்லை. 6,240 பவுண்டுக்கு மேல், 50,270 வரை உள்ள துண்டுக்கு மட்டும்தான்.

நிரந்தர வேலையா, தற்காலிகமா, இத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதியே தராத ஜீரோ அவர்ஸ் ஒப்பந்தமா என்பதைச் சட்டம் பார்க்கவில்லை. ‘ஒர்க்கர்’ என்ற சொல்லுக்குள் வருகிறவரா என்றுதான் பார்க்கிறது. பாடம் எடுப்பவர், தேர்வறையில் கண்காணிப்பவர், விடைத்தாள் திருத்துபவர், ஆய்வகத்தில் மாணவர்களுக்கு உதவுபவர் எல்லாரும் பொதுவாக இதற்குள் வருவார்கள். 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஓட்டுநர்களை ஒர்க்கர்கள் என்று சொன்னதும், அந்த நிறுவனம் அவர்களைப் பென்ஷனில் சேர்க்க வேண்டியதாயிற்று. டாக்சி ஓட்டுகிறவருக்கு உள்ளது டுட்டோரியல் எடுக்கிறவருக்கு இல்லாமல் போகாது. முனைவர் பட்ட உதவித்தொகை மட்டும் வேறு கணக்கு. ஸ்டைபெண்ட் சம்பளம் அல்ல, அதன் மேல் பென்ஷன் கிடையாது. அதே மாணவர் வாரம் நான்கு மணி நேரம் செமினார் எடுத்துச் சம்பளம் வாங்கினால் அந்தப் பணம் கணக்கில் வரும்.

இப்போது உங்கள் இரண்டாவது பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலுக்கு வருவோம், ஏனென்றால் அது வெளிப்படையான தவறு. 10,000 என்பதை வருடக் கடைசியில் கூட்டிப் பார்ப்பதில்லை. சம்பளம் போடும் ஒவ்வொரு காலத்துக்கும் அந்தக் கோட்டைப் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் என்றால் 833 பவுண்டு, வாரக்கூலி என்றால் 192. உங்களுக்கு அங்கே ஏழு மாதம், மாதத்துக்கு 1,000. அப்படியானால் முதல் சம்பளத்திலேயே கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். மீதி ஐந்து மாதம் ஒன்றுமே வராது என்பது இதை மாற்றாது. வருடம் முழுக்கப் பார்த்தால் 7,000தானே என்று எச்.ஆர். சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்றமும் இறக்கமுமாக வரும் சம்பளம் இந்த ஒரு கணக்கில் மட்டும் நமக்குச் சாதகம். ஆண்டுக் கணக்குப்படி 7,000இல் 6,240 போனால் மிச்சம் 760. அதில் முதலாளியின் 3 சதவீதம் வெறும் 22 பவுண்டு 80 பென்ஸ். மாதக் கணக்குப்படி 1,000இல் 520 (6,240இல் பன்னிரண்டில் ஒரு பங்கு) போக 480, அதில் 3 சதவீதம் 14.40, ஏழு மாதத்துக்கு 100.80. பெரிய தொகை இல்லைதான். ஆனால் உங்கள் பேரோல், அதாவது சம்பளம் போடும் பிரிவு, எந்தக் கணக்கைப் போடுகிறது என்று பார்க்க இது ஒரு நல்ல சோதனை. எடுத்த மணி நேரத்துக்குக் கூலி கேட்டு நிரப்பும் கிளெய்ம் ஃபார்மைத் தாமதமாகக் கொடுத்து இரண்டு மாதக் கூலி ஒன்றாக வந்த மாதத்தில் திடீரென்று பென்ஷன் கடிதம் வந்தது என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான்.

ஆனால் முதல் பல்கலைக்கழகத்தின் கடிதம் சட்டப்படி சரியானது. அதனால்தான் அது இன்னும் மோசம்.

ஒருவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தோ, முதன்முதலாகத் தகுதி பெற்ற நாளிலிருந்தோ, சேர்க்கையை மூன்று மாதம் வரை தள்ளிவைக்க முதலாளிக்கு உரிமை உண்டு. ஆங்கிலத்தில் போஸ்ட்போன்மென்ட் என்பார்கள். ஒரு மாதம் வந்துவிட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் கணக்குத் திறக்கும் வேலையை மிச்சப்படுத்தத்தான் இந்த விதி. மூன்று மாதம் முடியும் நாளில் உங்களை மறுபடி அளக்க வேண்டும். அன்றைய சம்பளக் காலத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் சேர்க்க வேண்டும். தாண்டவில்லை என்றால் சேர்க்க வேண்டாம், அடுத்து எப்போது தாண்டுகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அப்படித் தாண்டும்போது மறுபடியும் தள்ளிவைக்கலாம்.

இதைப் பல்கலைக்கழக நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். அக்டோபர் தொடக்கத்தில் வேலையில் சேர்கிறீர்கள். தள்ளிவைப்பு ஜனவரி தொடக்கத்தில் முடிகிறது. டிசம்பரில் இரண்டு வாரம்தான் வகுப்பு, அதனால் அதற்கான கூலியாக ஜனவரியில் வருவது 400, 500 பவுண்டு. அளந்தால் தகுதி இல்லை. பிப்ரவரி வகுப்புகளுக்கான பணம் மார்ச்சில் வரும்போது கோட்டைத் தாண்டுவீர்கள், உடனே இன்னொரு மூன்று மாதத் தள்ளிவைப்பு. அது முடிவது ஜூன். ஜூனில் வகுப்பு ஏது? கோடை, பிறகு புது ஒப்பந்தம், புது அக்டோபர். ஒருவர் வருடத்துக்கு 9,000, 10,000 என்று சம்பாதித்துக்கொண்டே நான்கைந்து வருடம் ஒரு பைசா பென்ஷன் இல்லாமல் கடந்துபோக இது போதும். யாரும் சட்டத்தை மீறியிருக்கவும் மாட்டார்கள். எனக்கு நடந்தது இதுதான். நான் வேலை பார்த்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக நான் நம்பவில்லை. பேரோல் மென்பொருளில் யாரோ ஒரு பெட்டியை டிக் செய்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த வட்டத்தை உடைக்கும் வழி அதே தள்ளிவைப்புக் கடிதத்தில் இருக்கிறது. அந்த வழியைக் கடிதத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். தள்ளிவைத்திருக்கும் காலத்திலேயே நீங்கள் ‘ஆப்ட்-இன்’ செய்யலாம், அதாவது நீங்களே கேட்டுச் சேரலாம். எழுத்தில் ஒரு அறிவிப்பு கொடுத்தால் போதும். மின்னஞ்சலும் செல்லும், ஆனால் அதை நீங்களே தனிப்பட்ட முறையில் அனுப்புகிறீர்கள் என்ற வாக்கியம் அதில் இருக்க வேண்டும். அறிவிப்பு கிடைத்தபின் முதலாளி மறுக்க முடியாது. சேர்க்க வேண்டும், தன் பங்கையும் போட வேண்டும்.

இங்கே எப்போது கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். மாதத்துக்கு 520 பவுண்டுக்கு மேல் சம்பளம் வரும் காலத்தில் கேட்டால் முதலாளியின் பங்கு கட்டாயம். 520க்குக் கீழே வரும் மாதத்தில் கேட்டால் உங்களை ஒரு திட்டத்தில் சேர்த்துவிடுவார்கள், ஆனால் அவர்கள் பணம் போட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தாது. அதனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓய்வாக உட்கார்ந்து எழுதி அனுப்பாதீர்கள். வகுப்புகள் நிறைந்த மாதத்தின் சம்பளக் காலத்தில், பேரோல் கணக்கை மூடுவதற்கு முன்னால் அனுப்புங்கள். அந்த மூடும் தேதி எச்.ஆர். இணையப் பக்கத்தில் எங்கேயாவது இருக்கும். கிளெய்ம் ஃபார்ம் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு அது ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும்.

லண்டன் போன்ற ஊரில் மூன்று இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஆப்ட்-இன் இன்னும் முக்கியம். ஒவ்வொரு முதலாளியிடமும் கணக்குத் தனித்தனி. மூன்று இடத்தில் மாதத்துக்கு 700 வீதம் 2,100 பவுண்டு வாங்கினாலும், எந்த இடத்திலும் 833ஐத் தாண்டவில்லை என்பதால் யாரும் தானாகச் சேர்க்க மாட்டார்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஆனால் மூன்று இடத்திலும் 520க்கு மேல் வருகிறது, எனவே மூன்று இடத்திலும் கேட்டு வாங்கலாம். 22 வயது ஆகாத மாணவர்களுக்கும் இதே வழிதான். வயதை 18 ஆக்கவும், 6,240 என்ற கீழ்க்கோட்டை எடுத்துவிடவும் அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதிகாரம் தந்துவிட்டார்கள், பயன்படுத்தத்தான் யாருக்கும் அவசரம் இல்லை.

சேர்வது ஒரு பாதி. எந்தத் திட்டத்தில் சேர்க்கிறார்கள் என்பதுதான் பெரிய பாதி. மேலே சொன்ன 3 சதவீதம் சட்டத்தின் தரை மட்டம். பல்கலைக்கழக வேலையில் அந்தத் தரையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

பழைய பல்கலைக்கழகங்களில், அதாவது 1992க்கு முன்பே அந்தத் தகுதி பெற்றவற்றில், ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உள்ளது யு.எஸ்.எஸ். என்கிற திட்டம். 2024 ஜனவரியிலிருந்து அதில் ஊழியர் பங்கு 6.1 சதவீதம், பல்கலைக்கழகத்தின் பங்கு 14.5. அதுவும் முதல் பவுண்டிலிருந்தே. ஒரு குறிப்பிட்ட சம்பளம் வரை அது உத்தரவாதமான பென்ஷன். ஒவ்வொரு வருடமும் அந்த வருடச் சம்பளத்தில் 75இல் ஒரு பங்கு உங்கள் ஆண்டு ஓய்வூதியமாகச் சேரும், அதுபோல மூன்று மடங்கு ஒரே தடவைத் தொகையாகவும் கிடைக்கும். நம்மைப் போன்றவர்கள் அந்த வரம்பை எட்டுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது 70,000 பவுண்டுக்கு மேல்.

1992க்குப் பிறகு பல்கலைக்கழகமான முன்னாள் பாலிடெக்னிக்குகளில் ஆசிரியர்களுக்குப் பள்ளி ஆசிரியர்களுக்கு உள்ள அதே டீச்சர்ஸ் பென்ஷன் திட்டம். அதில் வருடச் சம்பளத்தில் 57இல் ஒரு பங்கு சேர்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதலாளி 28.68 சதவீதம் கட்டுகிறார். ஆம், தட்டச்சுப் பிழை இல்லை. பல்கலைக்கழகம் உங்களை நேரடியாக ஆசிரியராக வேலைக்கு வைத்திருந்தால், மணிக்கணக்கு என்றாலும் 10,000 என்ற கோட்டுக்குக் காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே இதில் இருக்க வேண்டும். நிர்வாக, நூலக, ஆய்வகப் பணியாளர்களுக்கு அங்கே உள்ளாட்சிப் பென்ஷன் திட்டம் இருக்கும். அதில் பாதிப் பணம் கட்டிப் பாதிப் பென்ஷன் சேர்க்கும் வசதி கூட உண்டு. கையில் காசு தட்டுப்பாடு என்றால் விலகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

28.68 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும், சில பல்கலைக்கழகங்கள் ஏன் தனியாக ஒரு துணை நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் ஆள் எடுக்கின்றன என்று. துணை நிறுவனத்து ஊழியருக்கு டீச்சர்ஸ் பென்ஷன் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நெஸ்ட் மாதிரியான ஒரு பொதுத் திட்டத்தில் குறைந்தபட்சத்தைக் கட்டினால் சட்டம் திருப்தி. அதனால் உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் முதலாளியின் பெயர் என்ன என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரா, அதற்குப் பின்னால் ‘லிமிடெட்’ ஒட்டிக்கொண்டிருக்கிறதா? எங்கள் கிளைக்கு வந்த ஒரு தோழி, மூன்று வருடம் அதே வகுப்பறையில், அதே பாடத்தை எடுத்தபின், தன் முதலாளி வேறொரு கம்பெனி என்று பே ஸ்லிப்பைப் பார்த்து என் மேசையில்தான் தெரிந்துகொண்டார்.

வித்தியாசம் எவ்வளவு என்று உங்கள் 12,000 பவுண்டை வைத்தே பார்ப்போம். சட்டத்தின் தரைமட்டத்தில் ஆண்டுக் கணக்குப்படி 12,000இல் 6,240 போக 5,760, அதில் 3 சதவீதம் 172.80. ஒரு வருடத்துக்கு முதலாளி போடுவது அவ்வளவுதான். யு.எஸ்.எஸ்.ஸில் அதே 12,000க்கு முதலாளி போடுவது 1,740. பத்து மடங்கு. ஆகவே ஆப்ட்-இன் மின்னஞ்சலில் இரண்டாவது கேள்வியாக ‘என்னை எந்தத் திட்டத்தில் சேர்க்கிறீர்கள், இதே பாடம் எடுக்கும் நிரந்தர ஆசிரியர்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள்.

இரண்டும் வேறாக இருந்தால் காரணம் கேட்க உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. பகுதிநேரப் பணியாளரை, அதே போன்ற வேலை செய்யும் முழுநேரப் பணியாளரைவிடத் தாழ்வாக நடத்தக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் விதி. குறித்த கால ஒப்பந்த ஊழியர்களுக்கு 2002ஆம் ஆண்டின் விதி அதே பாதுகாப்பைத் தருகிறது. அடுத்தடுத்த குறித்த கால ஒப்பந்தங்களில் நான்கு வருடம் தாண்டினால், முதலாளியிடம் தக்க காரணம் இல்லாதவரை நீங்கள் நிரந்தரம் என்றும் அது சொல்கிறது. பென்ஷனும் இதற்குள் வரும். 2006இல் பகுதிநேரத் தீயணைப்பு வீரர்கள் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய் இந்த விதியின் பலத்தைக் காட்டினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது டெர்மாட் ஓ’பிரையன் என்ற வழக்கறிஞரின் வழக்கு. அவர் நாள் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பகுதிநேர நீதிபதியாக இருந்தவர். முழுநேர நீதிபதிகளுக்குப் பென்ஷன் உண்டு, அவருக்கு இல்லை என்றது அரசு. 2013இல் உச்ச நீதிமன்றம் அவருக்கும் உண்டு என்றது. நீதிபதிக்கே தினக்கூலிக்காரர் என்று சொல்லிப் பென்ஷனை மறுத்த நாடு இது, நமக்கு மறுத்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் அவர் ஜெயித்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தனியாகச் சண்டை போட வேண்டும் என்பதில்லை. முதலில் எச்.ஆர்.க்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி இல்லை. சேர்க்க வேண்டிய காலத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால், அந்தப் பழைய தேதியிலிருந்து சரிசெய்ய வேண்டியது அவர்கள் கடமை. மசியவில்லை என்றால் பென்ஷன்ஸ் ரெகுலேட்டர் என்ற கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்கலாம், நிலுவையைக் கட்டச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. திட்டத்தின் நிர்வாகத்தில் குளறுபடி என்றால் புகார்களை விசாரிக்கும் பென்ஷன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். ‘பென்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மணிக்குக் கொஞ்சம் கூட்டித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அது சட்ட விரோதம். விலகல் படிவமே பொதுவாகத் திட்டத்திடமிருந்துதான் வர வேண்டும், முதலாளி உங்கள் முன்னால் நீட்டக் கூடாது.

கூட்டாகக் கேட்டால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு ஓப்பன் யுனிவர்சிட்டியைப் பாருங்கள். பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2022இல் அங்கே 4,000க்கும் மேற்பட்ட அசோசியேட் லெக்சரர்கள் (அங்கே பாடம் நடத்தும் பகுதிநேர ஆசிரியர்கள்) நிரந்தர ஒப்பந்தத்துக்கு மாறினார்கள். யு.எஸ்.எஸ்.ஸில் இன்று நாம் பேசும் 75இல் ஒரு பங்கு என்பதும் சும்மா வந்ததல்ல. 2018 பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பென்ஷனைக் காப்பாற்ற நடந்த வேலைநிறுத்தத்தின் நடுவில்தான் பெரும் பனிப்பொழிவு வந்தது. வாசலில் கால் மரத்துப் போய் நின்றோம். 2022இல் அந்தப் பென்ஷனில் வெட்டியதை 2024 ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பனியில் என்னோடு நின்ற மணிக்கணக்கு ஆசிரியர்களில் சிலர் அந்தத் திட்டத்திலேயே இல்லை. அடுத்தவர் பென்ஷனுக்காகத் தங்கள் கூலியை விட்டுக்கொடுத்து நின்றவர்கள். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஒரு மாதிரி ஆகும்.

சரி, உங்கள் மனைவியின் கேள்விக்கு வருவோம். அதுதான் இருப்பதிலேயே நியாயமான கேள்வி.

ஊரில் நமக்குத் தெரிந்தது பி.எஃப். வேலையை விட்டால் எடுத்துக்கொள்ளலாம், அவசரம் என்றால் ஒரு பகுதியை உருவலாம். இலங்கையில் ஈ.பி.எஃப். என்றாலும் அதைக் கையில் வரப்போகும் மொத்தப் பணமாகத்தான் மனசு கணக்குப் போடும். இங்கே அப்படி இல்லை. 55 வயதுக்கு முன்னால் தொட முடியாது, 2028 ஏப்ரலிலிருந்து அது 57. நாட்டை விட்டுப் போகிறேன் என்பது காரணம் ஆகாது. ‘முன்கூட்டியே எடுத்துத் தருகிறோம்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் ஓடிவிடுங்கள். அது மோசடி, அதோடு 55 சதவீதம் வரை வரியும் உங்கள் தலையில் விழும். ஆகவே இந்தப் பணத்தை மறந்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற மட்டில் அவர் சொல்வது சரி.

ஆனால் மறப்பதும் விடுவதும் ஒன்றல்ல. முதல் பல்கலைக்கழகத்தில் யு.எஸ்.எஸ். கிடைத்தால் வருடத்துக்கு உங்களிடமிருந்து போவது 732 பவுண்டு. உங்கள் மொத்த வருமானம் 19,000, அதாவது வரி கட்டுகிறீர்கள், அதனால் 20 சதவீத வரி மிச்சமாகி உண்மையில் குறைவது சுமார் 586. மூன்று வருடத்துக்கு 1,757. அதற்குக் கிடைப்பது ஆண்டுக்கு 480 பவுண்டு ஓய்வூதியம், வாழ்நாள் முழுக்க, தொடங்கும்போது ஒரே தடவையாக 1,440. முதல் வருடத்திலேயே 1,920 வந்துவிட்டது, போட்டது திரும்பிவிட்டது. இன்றைய மதிப்பில் சொன்ன இந்த எண்கள், நீங்கள் கோவையில் இருக்கும் அத்தனை வருடமும் ஒரு வரம்புக்கு உட்பட்டு விலைவாசியோடு ஏறிக்கொண்டே இருக்கும். ஓய்வூதியம் இந்திய வங்கிக் கணக்குக்கும் வரும். மூன்று வருடப் பிடித்தத்துக்கு இதைவிட நல்ல பேரம் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நெஸ்டின் 3 சதவீதத்துக்கு இவ்வளவு உற்சாகமாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அதிலும் முதலாளி போடுவது நீங்கள் விலகினால் கிடைக்காத பணம்.

அரசு ஓய்வூதியத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குக் குறைந்தது 10 வருட நேஷனல் இன்சூரன்ஸ் (வேலை பார்ப்பவர்கள் அரசுக்குக் கட்டும் பங்களிப்பு) பதிவு வேண்டும், மூன்று வருடத்தில் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் இந்தியாவிலோ இலங்கையிலோ வசித்தால் அது வாங்கத் தொடங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும், ஏறாது. பணியிட ஓய்வூதியத்துக்கு அந்த உறைவு இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டு வருடம் முடிவதற்குள் கிளம்பினால் விதிகள் மாறும். டீச்சர்ஸ் பென்ஷனிலும் உள்ளாட்சித் திட்டத்திலும் ஓய்வூதிய உரிமைக்கு இரண்டு வருடம் தேவை. அதற்குள் விட்டால் நீங்கள் கட்டியது மட்டும் திரும்பும், அதிலும் 20 சதவீதம் வரியாகப் போகும், முதலாளியின் பங்கு வராது. எனவே 20 மாதத்தில் ஊருக்கு டிக்கெட் போடும் எண்ணம் இருந்தால், முதலில் திட்டத்துக்கு எழுதிக் கேளுங்கள். நடுவே ஒரு கோடை இடைவெளி விழுந்து அடுத்த அக்டோபரில் மறுபடி சேர்ந்தால், பழைய காலமும் கணக்கில் சேருகிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் படித்தபின்னும் வாடகைக்கே தட்டுப்பாடு, விலகித்தான் ஆக வேண்டும் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேர்த்த ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணம் முழுதாகத் திரும்பும். அதற்குப் பிறகு நிறுத்தலாம், ஆனால் பணம் உள்ளேயே இருக்கும். சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தகுதி உள்ளவர்களை மறுபடி சேர்ப்பார்கள்.

கடைசியாக ஒரு படிவம், பெரும்பாலானவர்கள் நிரப்பாமல் விடுவது. யு.எஸ்.எஸ்., டீச்சர்ஸ் பென்ஷன் இரண்டிலும் உறுப்பினராக வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால், ஆண்டுச் சம்பளத்தின் மூன்று மடங்கு குடும்பத்துக்குக் கிடைக்கும். மணிக்கணக்குச் சம்பளத்தில் அந்த ‘ஆண்டுச் சம்பளம்’ எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் கேட்டுவையுங்கள். யாருக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் எழுதி வைக்க வேண்டும். மனைவியின் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில். தொடர்பு முகவரியாக லண்டனில் நீங்கள் அறை எடுத்திருக்கும் வீட்டைக் கொடுக்காதீர்கள், மூன்று வருடத்தில் அங்கே வேறொரு மாணவர் இருப்பார். கோயம்புத்தூர் வீட்டு முகவரியையும், பல்கலைக்கழகம் பறித்துக்கொள்ள முடியாத உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள்.